தருமபுரி மண்ணில் மெட்டல் டிடெக்டர்: தொடக்கநிலைக் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

மண்ணுக்குள் இருக்கும் உலோகப் பொருளைத் தோண்டாமலே ஒலியாலோ எண்ணாலோ காட்டும் மின்னணுக் கருவி மெட்டல் டிடெக்டர். கோயில் வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் காவலர் கையில் காண்பதும், கைப்பிடியும் வட்டச் சுருளும் கொண்டு நிலத்தின் மேல் வீசிப் பார்ப்பதும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. இக்கட்டுரை இரண்டாவது வகையில், புதிதாகப் பழகுவோருக்கான விலை குறைந்த கருவிகளைப் பற்றியது. தருமபுரி மாவட்டத்து நிலத்தை அளவுகோலாக வைத்தே இங்கு விளக்கப்படுகிறது. ஏனெனில் இந்தக் கருவி எவ்வளவு பயன்படும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மண்தான்.

இயங்கும் விதம்

கருவியின் அடியிலுள்ள தட்டில் இரண்டு செப்புச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் பாயும் மாறுதிசை மின்னோட்டம் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தைத் தொட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, இரண்டாவது சுருள் அதை உணர்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. திரும்பி வரும் அலை எவ்வளவு காலம் தாழ்த்தி வருகிறது என்பதைக் கொண்டு, பொருள் இரும்பா, வெள்ளி போல நன்றாகக் கடத்தும் உலோகமா என்று கருவி ஊகிக்கிறது. ஊகம் என்ற சொல் முக்கியம். கருவி உலோகத்தின் பெயரை அறியாது. கடத்துதிறனும் வடிவமும் அளவும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு கணக்கை மட்டுமே அறியும்.

1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டுவந்தார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த இரும்புக் கம்பிச்சுருள்கள் கருவியைக் குழப்பியதும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அன்று கட்டில் செய்ததை இன்று தருமபுரி மண்ணே செய்யும்.

மண் தரும் தொல்லை

அரூர் வட்டத்துத் தீர்த்தமலைப் பகுதியில் மாக்னடைட் கலந்த இரும்புத்தாதுப் பாறைகள் உள்ளன. சேலம் கஞ்சமலையில் இருப்பதும் இதே வகைத் தாதுதான். இத்தகைய பாறை சிதைந்து மண்ணில் கலக்கிறது. மழை பெய்து வடிந்த பின் வண்டித்தடத்தில் கருமணல் கோடு படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதன் மேல் இழுத்தால் மணல் மீசை போல ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களில் இரும்புக் கசடு கட்டிகட்டியாகக் கிடக்கிறது. உழவு நிலமென்றால் தேய்ந்த கொழு, லாடம், லாட ஆணி, முள்வேலிக் கம்பி எல்லாம் இருக்கும்.

இவை அனைத்தும் கருவிக்குக் கேட்கும். எனவே கடைக்காரர் சொல்லும் ஆழத்தை நம்பி வாங்குவதில் பொருளில்லை. நாணய அளவுள்ள பொருளைத் தொடக்கநிலைக் கருவி நல்ல மண்ணில் ஒரு சாண் ஆழம் வரை காட்டினால் பெரிது. இரும்பேறிய மண்ணில் அதிலும் குறையும். “பத்தடி ஆழம் காட்டும்” என்ற விளம்பரம் நாணயத்துக்கோ நகைக்கோ பொருந்தாது.

எதைப் பார்த்து வாங்குவது

முதலில் பார்க்க வேண்டியது மண் சமன்செய்யும் வசதி. மண்ணிலிருந்து வரும் அலையைக் கருவி கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒலிக்கச் செய்வது இது. கேரட் நிறுவனத்தின் ஏஸ் 250, ஏஸ் 300 போன்ற பரவலாக விற்கும் எளிய கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். பயன்படுத்துபவர் மாற்ற முடியாது. வண்டல் மண்ணுக்கு அது போதும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் போன்றவற்றில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப நாமே சமன்செய்யலாம். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் மைன்லேப் வான்குவிஷ் வரிசையும் இத்தகைய மண்ணைச் சமாளிக்கவே வடிவமைக்கப்பட்டது. தருமபுரிக்கென்று வாங்குபவர் சற்றுக் கூடுதலாகச் செலவழித்தாலும் இந்த வசதி உள்ளதையே வாங்குவது நல்லது.

அடுத்தது சுருளின் வடிவம். ‘டபுள் டி’ எனப்படும் சுருள், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டச் சுருளைவிடத் தாது மிகுந்த மண்ணில் நிதானமாக இயங்கும். அதிர்வெண்ணும் கவனிக்கத்தக்கது. ஏஸ் 250 இயங்குவது 6.5 கிலோஹெர்ட்ஸில், சிம்ப்ளெக்ஸ் 12இல். மூக்குத்தி, திருகாணி போன்ற மிகச்சிறு பொன் பொருள்களுக்கு உயர் அதிர்வெண் உதவும். நிறப் பலகை, கைப்பேசி இணைப்பு முதலியவை இல்லாவிட்டாலும் குறையில்லை.

ஒரு எச்சரிக்கை. “தங்கத்தை மட்டும் காட்டும்”, “அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே திசை காட்டும்” என்று விற்கப்படும் ஆன்டெனா வைத்த கைப்பிடிகள் மோசடி. ஏடிஇ 651 என்ற பெயரில் இப்படியொரு வெற்றுக் கைப்பிடியை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக்கிற்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்தக் கருவியை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் பலர். நம் ஊரில் அரிசியை ஈர்க்கும் இரிடியம் கலசம் என்று பணம் பறிப்பதும் அதே குடும்பம்தான்.

பழகும் முறை

முதல் பாடத்தை வீட்டுத் திண்ணையிலேயே படிக்கலாம். ஒரு பலகையில் ஒரு ரூபாய் நாணயம், பத்து ரூபாய் நாணயம், வெள்ளி மெட்டி, மோதிரம், லாட ஆணி, மருந்து அட்டையின் அலுமினியத் தாள் ஆகியவற்றை இடைவெளி விட்டு வைத்து, சுருளை மேலே வீசிக் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். நம் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகு. ‘இரும்பைத் தள்ளு’ என்று அமைத்தால் சில கருவிகள் அதையும் ஆணியோடு சேர்த்துத் தள்ளிவிடும். சிறு பொன்மோதிரமும் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். தாளைத் தவிர்க்க நினைப்பவர் மோதிரத்தையும் தவிர்க்கிறார்.

நிலத்தில் இறங்கியதும், உலோகம் இல்லாத ஓரிடத்தில் சுருளை ஓரடி உயரத்திலிருந்து தரையை ஒட்டி நான்கைந்து முறை ஏற்றி இறக்கிச் சமன்செய்ய வேண்டும். அப்போதும் கத்தினால் உணர்திறனைக் குறைக்கவேண்டும். முழு அளவில் வைத்துக் கத்தவிடுவதைவிடப் பாதி அளவில் அமைதியாகக் கேட்பது மேல். சுருளைத் தரைக்கு இரண்டு விரல் உயரத்தில் இணையாகப் பிடித்து, மெதுவாக, முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தொடும்படி நகர்த்த வேண்டும். வீச்சின் இரு முனைகளிலும் கையைத் தூக்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அங்கேதான் பொருள் தப்பும். ஒலித்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வீசிப் பார்த்து, கோடுகள் வெட்டும் புள்ளியைக் குறிக்கவேண்டும். இரு திசையிலும் ஒரே எண் வந்தால் நம்பலாம். ஒரு திசையில் மட்டும் வந்து மறுதிசையில் மறைந்தால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. ஓடும் பம்புசெட்டுக்கும் மின்கம்பிக்கும் அருகில் கருவி காரணமின்றிக் கத்தும்.

கடலைக்காட்டில் களையெடுக்கும்போது கழன்று விழுந்த மெட்டியைத் தேடுவது, மண் மூடிய இரும்புக் குழாயின் போக்கைக் காண்பது, மாந்தோப்பில் தொலைந்த அரிவாளைத் தேடுவது ஆகியவையே இக்கருவிக்கு நியாயமான வேலைகள். கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் வெடி வைத்த இடங்களில் வெடிக்காத டெட்டனேட்டர் புதைந்திருக்கலாம். கம்பி நீட்டிய சிறு உலோகக் குழல் தெரிந்தால் தொடாமல் விலகிக் காவல்நிலையத்துக்குச் சொல்லவேண்டும்.

குப்பை என்று தள்ளும் இரும்பு

இக்கருவிகளைப் பற்றிக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை பிரிட்டன், அமெரிக்க நாட்டவை. ஸ்டாஃபோர்டுஷயரில் 2009இல் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்சன் பொற்குவியலைக் கண்டெடுத்து, அதன் மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு என்று கணக்கிடப்பட்ட கதை அவற்றில் அடிக்கடி வரும். அங்கு நிலவும் சட்டம் வேறு. கற்றுத்தரும் பழக்கமும் வேறு. இரும்பின் ஒலி கேட்டால் நகர்ந்துவிடு என்பது அந்தப் பாடம்.

நம் பகுதியில் வரலாறு இரும்பில்தான் இருக்கிறது. 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை செல்வதாகக் காலக்கணிப்பு வந்தது. 2022 மே மாதம் சட்டப்பேரவையில் இது அறிவிக்கப்பட்டது. தருமபுரி மாவட்டத்திலேயே மோதூரிலும், பின்னர் 2022இல் பெரும்பாலையிலும் அத்துறை அகழாய்வு செய்துள்ளது. அந்த ஆண்டுக் கணக்கு இரும்புத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்ததால் வந்ததல்ல. அது கிடந்த மண்ணடுக்கும், அதே அடுக்கில் இருந்த மாதிரிகளும் சேர்ந்து சொன்னது. கருவி ஒலித்த இடத்தைக் கடப்பாரையால் குத்தி எடுத்தால் துண்டு கிடைக்கும், ஆண்டு போய்விடும். புதையல் ஆசையில் கல்திட்டைகளையும் நடுகற்களின் அடியையும் தோண்டுபவர்கள் அழிப்பது இதைத்தான். ஈமச்சின்னங்களில் பெரும்பாலும் கிடைப்பது பானையும் எலும்பும் இரும்பும். அவர்கள் தேடும் தங்கக்குடம் அன்று.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர், அதன் தன்மை, அளவு, இடம், நாள் ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தன் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. சொந்த நிலம் என்பது விலக்கு அல்ல. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் பூமியிலிருந்து கிடைத்த 505 பொற்காசுகளும் அரசு அலுவலர் கைக்கே சென்றன. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றித் தோண்டுவது தனிக் குற்றம்.

தன் வயலில் மெட்டியைத் தேடும்போது கருப்பு-சிவப்புப் பானை ஓடோ, வட்டமாக நட்ட கற்களோ, கட்டியாக இரும்புக் கசடோ தென்பட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்து, அருகில் ஓர் அளவுகோலோ பேனாவோ கிடத்திப் படமெடுத்து, குழியை மூடிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். தருமபுரி நகரிலுள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்கும் தகவல் சொல்லலாம். அங்கே வரிசையாக நிற்கும் நடுகற்களை அதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால், வயலில் எது கல், எது நடுகல் என்று கண்ணுக்குப் பிடிபடும்.