பம்பளிமாஸ் தோலில் பிறக்கும் நீல ஒளி

பம்பளிமாஸ் பழத்தை உரித்தால் பச்சை மேல்தோலுக்குக் கீழே விரல் தடிமனுக்கு வெள்ளைச் சதை இருக்கும். சுளையை எடுத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். சீனாவின் சாங்சுன் நகரிலுள்ள பயன்பாட்டு வேதியியல் ஆய்வு நிறுவனத்தினர் அந்தத் தோலிலிருந்து ஒளிரும் கார்பன் துகள்களை உருவாக்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் பாதரசத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு வாழைத்தோல், நெல் உமி, கரும்புச் சக்கை என்று எத்தனையோ வேளாண் கழிவுகள் இதே சோதனைக்கு வந்துவிட்டன.

இந்தத் துகள்களுக்குக் கார்பன் புள்ளிகள் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கார்பன் புள்ளியின் குறுக்களவு பொதுவாக 10 நானோமீட்டருக்கும் குறைவு. அடுப்புக்கரியும் பென்சில் முனையும்கூடக் கார்பன்தான், ஆனால் அவை ஒளிர்வதில்லை. கார்பன் இவ்வளவு சிறுத்து, அதன் மேற்பரப்பில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொண்ட வேதித்தொகுதிகள் ஒட்டிக்கொள்ளும்போது அதன் குணம் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீலமாகவோ பச்சையாகவோ ஒளியை வெளிவிடுகிறது. இந்த ஒளி துகளின் உட்கருவிலிருந்து வருகிறதா, மேற்பரப்பிலிருந்து வருகிறதா, ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறுகளிலிருந்து வருகிறதா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இவை கண்ணில் பட்டதே தற்செயலாகத்தான். 2004இல் அமெரிக்காவின் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைப் புகைக்கரியிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தது. 2006இல் அதே மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தினர் லேசர் கொண்டு இவற்றைத் தயாரித்துப் பெயரும் வைத்தார்கள். ஒளிரும் நானோ துகள்கள் அதற்கு முன்பும் உண்டு. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் அத்தகைய துகள்களைக் கண்டுபிடித்ததற்கும் உருவாக்கியதற்கும்தான் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றில் பெயர்பெற்ற பல வகைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. குடிதண்ணீரைச் சோதிக்கக் காட்மியத்தைக் கையாள்வதைவிடக் கார்பன் நல்லது என்பது இந்தத் துறை இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

செய்முறை எளிது. தோலைக் கழுவி நறுக்கித் தண்ணீரோடு டெஃப்ளான் கிண்ணத்தில் போட்டு, அதைக் கனமான எஃகு உறைக்குள் வைத்துத் திருகி மூடுகிறார்கள். நம் வீட்டுக் குக்கரின் வேலைதான் இதற்கும். ஆனால் குக்கர் ஏறத்தாழ 120 டிகிரியோடு நின்றுவிடும். இங்கே 200 டிகிரி. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் 15 மடங்கை எட்டும். சில மணி நேரத்தில் தோலிலுள்ள செல்லுலோஸும் பெக்டினும் சிதைந்து, நீரை இழந்து, மீண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, கடைசியில் கரியாகின்றன. ஆறியபின் திறந்தால் பழுப்புக் கரைசலும் அடியில் கரிக் கசடும் இருக்கும். கசடை வடிகட்டி நீக்கிய கரைசலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பால் ஊற்றாத டீ போலத்தான் இருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அதன்மேல் பிடித்தால் குப்பி முழுவதும் நீலமாக ஒளிரும்.

அந்த ஒளியை மங்க வைப்பதுதான் சோதனையே. துகளின் மேற்பரப்பிலுள்ள கார்பாக்சில் போன்ற தொகுதிகள் பாதரச அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. ஒளியாக வெளியேற வேண்டிய ஆற்றலோடு இருக்கும் எலெக்ட்ரான் அயனியின் பக்கம் தாவிவிடுகிறது. ஒளி குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று கருவியில் அளந்தால் பாதரசம் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

சாங்சுன் ஆய்வாளர்களின் துகள்கள் வாங்கிய ஒவ்வொரு நூறு ஒளித்துகளுக்கும் ஏறத்தாழ ஏழு ஒளித்துகள்களை மட்டுமே திருப்பித் தந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. அவர்கள் கண்டறிந்த மிகக் குறைந்த அளவு 0.23 நானோமோலார். லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராமுக்கும் கீழே. இந்தியக் குடிநீர்த் தரநிலை பாதரசத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். வரம்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைக்கூட இந்தத் தோல் துகள் காட்டிவிடுகிறது. ஏரித் தண்ணீரிலும் அவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

பாதரசம் நமக்கும் தூரத்து ஆபத்தல்ல. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும் அங்கே மண்ணில் கலந்த பாதரசத்தை அகற்றும் பேச்சு பல ஆண்டுகள் நீடித்தது. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவும் நிலத்தடி நீரும் இன்னொரு கதை. குரோமியத்தையும் காட்டும் கார்பன் புள்ளிகள் உண்டு.

இனி, இந்தத் துறையில் அதிகம் பேசப்படாத பக்கம். முதலாவது, இரும்பு. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சாதாரணமாக இருக்கும் இரும்பு அயனியும் பல கார்பன் புள்ளிகளின் ஒளியை மங்க வைக்கும். ஒளி குறைந்ததும் பாதரசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இரும்பைத் தனியே கட்டிப்போடும் வேதிப்பொருளைச் சேர்த்தாக வேண்டும். இரண்டாவது, மூலப்பொருள். மழைக்காலத்துத் தோலும் கோடைக்காலத்துத் தோலும் ஒன்றல்ல. ஒரு முறை தயாரித்ததில் வந்த ஒளி அடுத்த முறை தயாரித்ததில் அப்படியே வராது. நெல் உமியில் சிலிக்கா நிறைய இருப்பதால் அதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். மூன்றாவது, இது குப்பைப் பிரச்சினைக்குத் தீர்வு என்ற பேச்சு. ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குத் தேவையான துகள்களைத் தயாரிக்கச் சில கிலோ தோல் போதும். சந்தையில் மலையாகக் குவியும் கழிவை இது குறைக்காது. 200 டிகிரி சூட்டுக்கு மின்சாரமும் செலவாகும்.

அப்படியென்றால் இதன் மதிப்பு எங்கே? பெரிய ஆய்வகக் கருவி இல்லாத இடத்தில், குறைந்த செலவில் முதல் எச்சரிக்கை தருவதில்தான். காகிதப் பட்டையில் இந்தத் துகள்களை ஏற்றி, கூடவே மங்காத சிவப்பு ஒளிர்பொருள் ஒன்றையும் சேர்த்தால், பாதரசம் ஏற ஏற நீலம் தேய்ந்து சிவப்பு எழும். நிற மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், கைப்பேசிக் கேமராவில் பதிவும் செய்யலாம். சந்தேகப்பட்ட தண்ணீரை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். எல்லாக் கிணறுகளையும் ஆய்வகத்தில் சோதிப்பது நடக்காத காரியம். சந்தேகத்துக்குரிய பத்துக் கிணறுகளைச் சோதிப்பது நடக்கக்கூடியது.

பழத்தோல் நஞ்சைக் கண்டுபிடிக்கிறது என்ற செய்தியை இனி எங்கே படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாலைவடிநீரில் மட்டும் சோதித்தார்களா, கிணற்று நீரிலும் சோதித்தார்களா? இரும்பு கலந்த தண்ணீரிலும் அதே விடை வந்ததா? அடுத்த பருவத்துத் தோலிலும் அதே ஒளி வந்ததா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் ஆய்வுதான் கிராமத்துக்குப் போகத் தகுதியானது.