பெட்ரோல் இல்லாமல் ரயிலேறி நேபாளம் போகும் பைக்



நம்ம ஊர் டி.என். நம்பர் பிளேட்டோடு ஒரு பைக் நேபாள நாட்டு ரோட்டில் ஓடலாம் என்றால் நம்புவீர்களா? ஓடலாம். ஆனால் இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போனால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். போக நாலைந்து நாள், வர நாலைந்து நாள். லீவு பூராவும் ரோட்டிலேயே தீர்ந்துவிடும், இடுப்பும் போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பைக்கை ரயிலில் ஏற்றி, மலைக்குப் பக்கத்தில் இறக்கி, அங்கிருந்து ஓட்டுகிறார்கள்.

எங்கள் பெரியப்பா மகன் வருகிற மே மாதம் சிநேகிதர்களோடு இப்படித்தான் போகப்போகிறார். பெரியப்பா ராணுவத்தில் இருந்தபோது சிலிகுரி பக்கம் வேலை பார்த்தவர், பைக்கை ரயிலில் அனுப்பிப் பழக்கம் உள்ளவர். இரண்டு பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் இந்தியா மேப்பைப் பாருங்கள். மேற்கு வங்காளத்தின் வடக்கே, நேபாளத்துக்கும் வங்காளதேசத்துக்கும் நடுவில் நம் நாடு ரொம்ப ஒல்லியாகிவிடும். ஒரு இடத்தில் சுமார் 22 கிலோமீட்டர்தான் அகலம். கோழிக் கழுத்து என்று அதற்குப் பேர். அங்கேதான் சிலிகுரியும் நியூ ஜல்பாய்குரி ஸ்டேஷனும் இருக்கின்றன. சென்னையிலிருந்து அங்கே ரயில் உண்டு. இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடும் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸும் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாகப் போய் அங்கே நிற்கும். அந்த ரயிலை 2011-ல் விட்டார்கள்.

பைக்கை அனுப்ப இரண்டு வழி. நாம் போகும் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால், இடம் இருந்தால் நாம் போகும் ரயிலிலேயே வரும். பார்சலாகப் போட்டால் டிக்கெட் தேவையில்லை, ஆனால் வேறு ரயிலில் முன்னே பின்னே வந்து சேரலாம். சுற்றுலா போகிறவர்கள் லக்கேஜாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம். பைக் வராமல் சிலிகுரியில் ரூம் வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார முடியுமா? ரயில் இரண்டு நிமிஷம் நிற்கும் சின்ன ஸ்டேஷன்களில் ஏற்ற மாட்டார்கள். பெரிய ஸ்டேஷனுக்குத்தான் போகணும்.

பார்சல் ஆபீஸில் முதலில் பார்ப்பது பெட்ரோல் டேங்க். ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது. ஏன் இவ்வளவு கறார்? பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மைனஸ் 40 டிகிரி குளிரில் கூட அதன் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. அந்த ஆவி காற்றை விட மூன்று நாலு மடங்கு கனம். அதனால் மேலே பறந்து போகாமல் பெட்டியின் தரையிலேயே தேங்கும். மூடிய பெட்டி, பக்கத்தில் துணி மூட்டை, அட்டைப் பெட்டி. ஒரு பொறி போதும். அந்த ரயிலில் ஆயிரம் பேருக்கு மேல் தூங்கிக்கொண்டு வருவார்கள். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுபோவது குற்றம், ஜெயில் தண்டனை உண்டு. டேங்கைக் காலி செய்தால் மட்டும் போதாது, கார்புரேட்டரில் தேங்கியதையும் வடிக்கணும் என்பார் பெரியப்பா. வடித்ததைப் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொள்வதும் அதே குற்றம்தான். இறங்கின ஊரில் பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகத்தான் வேண்டும்!

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலுக்கு அடியில் 50 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் இருக்கிறது, 1994-ல் திறந்தது. அதில் பெட்ரோலோடு பைக்கை ஓட்டியே பெட்டிக்குள் ஏற்றி, 35 நிமிஷத்தில் மறுநாட்டில் இறங்கி ஓட்டிப் போவார்களாம். அங்கே மட்டும் எப்படி என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அங்கே ஓட்டுகிறவர் பைக் பக்கத்திலேயே இருக்கிறார். இங்கே பைக் ஆள் இல்லாமல் இரண்டு நாள் போகிறது. அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

பேக்கிங் விஷயம்: கண்ணாடிகளைக் கழற்றி, டேங்க், ஹேண்டில், லைட் எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துச் சாக்கால் சுற்றிக் கட்டணும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிடணும். ஹேண்டிலைப் பூட்டக் கூடாது, போர்ட்டர்கள் உருட்டணும். பைக்கின் மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்குண்டான பணமும் கட்டிவிடணும். இல்லாவிட்டால் தொலைந்தால் எடைக் கணக்குக்குத்தான் நஷ்டஈடு. இரும்புக் கடை மாதிரி!

நியூ ஜல்பாய்குரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் பானிடாங்கி. அங்கே மேச்சி ஆற்றுப் பாலம். பாலத்தைத் தாண்டினால் காகர்பிட்டா, அது நேபாளம். நமக்கு விசா வேண்டாம். வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ போதும். ஆனால் பைக்குக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை ‘பன்சார்’ என்கிறார்கள், சுங்கம் என்று அர்த்தம். எத்தனை நாளோ அத்தனை நாளுக்குப் பணம். நாள் தாண்டினால் அபராதம். அங்கே அரசுத் தாள்களில் விக்கிரம சம்வத் கணக்கில்தான் தேதி போடுவார்கள். நமக்குச் சித்திரை பிறந்த 2025 ஏப்ரலில் அவர்களுக்கு 2082 பிறந்தது! கடிகாரத்தையும் 15 நிமிஷம் முன்னால் தள்ளி வைக்கணும். நல்லவேளை, அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டணும்.

பன்சார் ஆபீஸில் ஆர்.சி. புக், லைசென்ஸ் இரண்டும் பார்ப்பார்கள். இங்கேதான் அண்ணனுக்குச் சிக்கல். அவர் பைக் செகண்ட் ஹேண்ட். வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் ஆர்.சி. பழைய ஓனர் பேரிலேயே இருந்தது. நம்ம ஊரில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுது. இங்கே யாரும் கேட்பதில்லை. வேறு நாட்டு வாசலில் ‘இது யார் வண்டி?’ என்று கேட்டால் என்ன சொல்வது? திருட்டு வண்டி என்று நினைத்தால்? பெயர் மாற்ற 29, 30 என்று இரண்டு படிவம், அதில் பழைய ஓனர் கையெழுத்தும் வேண்டும். அவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். போன வாரம்தான் அண்ணன் தேடிப்போய் வாங்கிவந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தார். புது ஆர்.சி. தபாலில் வரணும். ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. ஆர்.சி. வராவிட்டால் பின்னால் உட்கார்ந்து போகவேண்டியதுதான் என்று பெரியம்மா சொல்கிறார்.

இன்சூரன்ஸும் அப்படியே. நம் பாலிசி எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூடான் போன்ற பக்கத்து நாடுகளுக்கும் நீட்டித்துத் தருவார்கள்.

இதெல்லாம் முடிந்தால் காகர்பிட்டாவிலிருந்து மேற்கே 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மகேந்திரா நெடுஞ்சாலை. அதிலிருந்து வடக்கே மலையேறினால் இலாம், தேயிலைத் தோட்டம் நிறைந்த ஊர். பெண்கள் போகலாமா என்று கேட்டேன். லைசென்ஸ் இருந்தால் யாரும் போகலாமாம். எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு.

திரும்பும்போதும் டேங்கைக் காலி செய்து, கட்டி ஏற்றணும். அங்கே சாக்கு எங்கே தேடுவது? நாலு கோணி கூடுதலாக மடித்து எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா.