பழைய கணிப்பொறிக்குப் புதுவாழ்வு

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-ஐ நிறுவ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை. அது இல்லாத உங்கள் பள்ளிக் கணிப்பொறியை என்ன செய்வீர்கள்? பொறியில் பழுதில்லை, புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பாரில்லை, அவ்வளவுதான்.

1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருநிரலை எழுதி வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். எனவே உலகெங்குமுள்ள நிரலாளர்கள் இன்றும் ஓட்டைகளை அடைத்து வருகிறார்கள். எக்ஸ்.எஃப்.சி.ஈ. போன்ற எளிய திரைமுகத்துடன் சேர்த்தால் குறைந்த நினைவகமே போதும்.

முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பாருங்கள். ஒலி, வலை, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா? அப்படியானால் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, ஆசிரியர் துணையுடன் நிறுவுங்கள். குப்பைக்குப் போகவிருந்த பொறி மீண்டும் பாடம் நடத்தும்!