கள்ளக்குறிச்சி சாவுகள்: பொறுப்பு யாருடையது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் கள்ளச்சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிருக்குப் போராடிய பலரை எங்கள் அம்மாபேட்டைக்குப் பக்கத்தில் உள்ள சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அப்போது பலர் சொன்னது: "குடிச்சாங்க, செத்தாங்க. இதுல வேற யாரைக் கேக்கறது?"

கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் வேதியியல் தெரிந்தால் போதும்.

சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். குடிக்கும்போது சாதாரண ஆல்கஹால் மாதிரியேதான் இருக்கும். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம்தான் பார்வையைப் பறிக்கிறது, உயிரை எடுக்கிறது. இதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் கொடுத்து, டயாலிசிஸ் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

ஆக, குடித்தது அவர்கள் முடிவு. மெத்தனால் அவர்கள் முடிவு இல்லை. அது கலந்து விற்றவர்கள் கணக்கு. அடுத்தது அரசு. ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றிருந்தது. அதற்குப் பிறகும் அது சாராயத்துக்குள் வந்தது எப்படி? கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகள் வந்தபோதும், கள்ளச்சாராயம் காரணமில்லை என்றே மாவட்ட நிர்வாகம் சொன்னது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமான விஷம் இது.

பிறகு தண்டனையை ஆயுள்வரை கூட்டிச் சட்டம் திருத்தினார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. விற்றவரைத் தண்டிப்பது சரி. ஆனால் "குடிச்சாங்க, செத்தாங்க" என்று நாம் கணக்கை முடித்துவிட்டால், தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்களை யாரும் கேட்க மாட்டார்கள்.