வேலிக்கு அழகு, சட்டிக்குக் கறி: ஊதா அவரை

அவரை என்றதும் நம்மில் பலருக்குக் கறிச்சட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் மேலை நாடுகளில் இதே அவரையின் ஊதா இனத்தைப் பூங்கொடியாகவே வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் தோமஸ் ஜெபர்சன் வாழ்ந்த மொன்டிசெல்லோ இல்லத்தின் தோட்டப் பந்தலை இன்றும் இக்கொடி அலங்கரிக்கிறது. தண்டு, பூ, காய் எல்லாமே ஊதா. காயின் மினுமினுப்போ பட்டுத்துணியைத் தோற்கடிக்கும்!

நமக்கு இது புதிய செடியன்று. கபிலர் தமது குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் அவரைப் பூவும் ஒன்று. இதன் தாவரவியல் பெயரான 'லப்லாப்' அரபுச் சொல். சுற்றிப் படரும் கொடியை அது குறிக்கும். 1753இல் லின்னேயஸ் அச்சொல்லையே இச்செடிக்குச் சூட்டினார்.

யாழ்ப்பாணத்துக்கு இக்கொடி ஏன் தேவை? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதை நாம் அறிவோம். பெருந்தொகையானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்தபின் சோனகத் தெருவுக்கும் அயல் தெருக்களுக்கும் திரும்பியவர்களில் பலர் கண்டது கூரையற்ற சுவர்களையும் பற்றை மண்டிய வளவுகளையும்தான். மாங்கன்று நட்டால் நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். கிடுகு வேலிக்கோ ஆண்டுதோறும் செலவு. அவரையோ மூன்று மாதத்திற்குள் கம்பி வேலியை மூடி, முற்றத்துக்கு மறைப்பும் நிழலும் தந்துவிடும். கையில் காசு குறைந்த குடும்பத்துக்கு இது சிறிய உதவியா?

விதைக்கும் காலம்: ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களே ஏற்றவை. மாரி மழைக்குமுன் கொடி வேரூன்றிவிடும். நாட்டு அவரை பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும் இயல்புடையது. அதனால் மாரியின் பிற்பகுதியில் பூத்து, தை, மாசியில் காய்த்துக் குலுங்கும். பகல் நீண்ட மாதங்களில் விதைத்துவிட்டு, "இலைதான் வருகிறது, பூவைக் காணோம்" என்று கவலைப்படுவதில் பயனில்லை.

நடும் முறை: இடிபாடு கிடந்த வளவில் சுண்ணாம்புக் கல்லும் காரையும் கலந்திருக்கும். அதில் நட்டால் இலை வெளிறிப் போகும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கல்லை அகற்றி, செம்மண்ணும் மக்கிய மாட்டெருவும் இட்டு நிரப்புங்கள். விதையை ஓரிரவு ஊறவைத்து, ஓரங்குல ஆழத்தில் குழிக்கு மூன்றாக ஊன்றலாம். முளைத்தபின் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றை அகற்றிவிடுங்கள். குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி போதும். கொடி பத்துப் பதினைந்து அடி படரும், காய்த்தால் கனக்கும். ஆகவே கதியால் உறுதியாக இருக்கட்டும்.

தண்ணீர்: குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, நிலத்தடி நீரே நம் சொத்து. கிணற்றடியில் வுழூச் செய்யும் நீர் வீணே ஓடாமல் சிறு வாய்க்கால் வெட்டிக் கொடியடிக்கு விட்டால் தினமும் பாய்ச்சியதாகிவிடும். சவர்க்கார நீரை மட்டும் கலக்காதீர்கள். மாரியில் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணைச் சற்று உயர்த்தி அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பு: கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். யூரியா வேண்டாம், இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தாமே சேர்த்துக் கொடுக்கின்றன. பூங்கொத்தில் கருமையாக அப்பும் அழுக்கணவனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். காயைத் துளைக்கும் புழு கண்டால் அக்காயைப் பறித்து அழித்துவிடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பிஞ்சுக் காய்களைச் சமைத்து உண்ணலாம், சமைத்தால் ஊதா நிறம் பச்சையாகிவிடும். ஆனால் முற்றி உலர்ந்த விதையில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. அதைப் பச்சையாக ஒருபோதும் தின்னக்கூடாது. ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, நீரை இருமுறை மாற்றி வடித்த பின்னரே உண்ண வேண்டும். வெள்ளைக் கோடிட்ட கருவிதையைக் குழந்தைகள் மணியென்று வாயில் போட்டுவிடுவார்கள். தாய்மார்களே, விதைப் போத்தலை உயரத்தில் வையுங்கள்.

கடைசிக் காய்களில் சிலவற்றைக் கொடியிலேயே உலரவிட்டு, சாம்பலில் கலந்து பத்திரப்படுத்தினால் அடுத்த ஆண்டுக்கு விதை வாங்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடியை அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சரி, வேலிக்கு இருபுறமும் படர்வதுதான் அவரையின் குணம்.