கலெக்‌ஷன் (சொல்)

கலெக்‌ஷன் என்பது ஒன்றுசேர்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பறித்தல், பொறுக்குதல், படித்தல் எனப் பொருள்படும் 'லெகெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'லெக்சர்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் செய்யும் வேலையைத் தமிழில் பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் 'சேகரிப்பு' என்று எழுதும் மாணவர்களை என் ஆசிரியப் பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அஞ்சல்தலையைச் சேகரிக்கலாம், வரியை வசூலிக்கத்தான் வேண்டும்.

வசூல் அரபியிலிருந்து வந்த சொல். அதற்குரிய தமிழ்ச்சொல் தண்டல். இவை இரண்டிலும் கொடுத்தே தீரவேண்டிய கட்டாயம் தொனிக்கிறது. மனமுவந்து கொடுப்பதைப் பெற்றால் அது நிதி திரட்டுதல், வழிபாட்டிடத்தில் காணிக்கை. 'வெள்ள நிவாரணத்துக்கு வசூல் செய்தார்கள்' என்று எழுதினால் கொடுத்தவரின் மனம் அதில் தெரியாது. திரைப்படத்துக்கு மட்டும் ஏனோ வசூல் என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

கலெக்டர் என்ற பதவிப்பெயரும் வரியிலிருந்து பிறந்ததே. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் வங்காளத்தில் இப்பதவியை ஏற்படுத்தினார். 1819-இல் நீலகிரிக்கு வந்து, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் பங்களா கட்டிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். நீலகிரி 1868-இல் தனியாகப் பிரிக்கப்பட்டு கமிஷனரின் கீழ் வந்தது. 1882-இல்தான் தனிக் கலெக்டர் கிடைத்தார். 'ஆட்சியர்' என்ற இன்றைய தமிழ்ப்பெயரில் வரியின் சாயல் இல்லை.

கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள அரவேணு போன்ற தேயிலை ஊர்களில் 'இலை கலெக்‌ஷன்' என்றால், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடைபோட்டு ஆலைக்கு ஏற்றிவிடுவது. செடியிலிருந்து எடுப்பதோ கொழுந்து பறித்தல். பறிப்பவருக்குக் கூலி, விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை. இரண்டையும் 'தேயிலை சேகரித்தல்' என்று எழுதினால், கூலி யாருக்கு, விலை யாருக்கு என்பது மறைந்துபோகும். முன்னதைப் பறித்தல் என்றும் பின்னதைக் கொள்முதல் என்றும் எழுதுவதே சரி.

இதே மலையில் குறும்பரும் இருளரும் பாறைத் தேன் எடுப்பார்கள். பேச்சில் அது 'தேன் எடுத்தல்'தான். ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைத் தமிழாக்கும்போது 'சேகரித்தல்' என்ற சொல் பொருந்தும். வழிவழியாகச் சிறு வனப்பொருள்களைச் சேகரித்துவரும் மக்களுக்கு அவற்றின் மீது உடைமை உண்டு என்கிறது அச்சட்டம். எனவே இங்கே அச்சொல் ஓர் உரிமையைச் சுட்டுகிறது.

நூல் உலகில் நமக்குத் தொகை, தொகுப்பு, திரட்டு எனச் சொல்வளம் அதிகம். எட்டுத்தொகையில் தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னர். கலெக்‌ஷன் என்ற ஒற்றைச் சொல்லில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. தொகை என்பது பணத்தின் அளவையும் குறிக்கும். இலக்கணத்திலோ அது மறைந்து நிற்றல். 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' உருபு மறைந்திருப்பதால் அது வேற்றுமைத்தொகை.

துணிக்கடையின் 'நியூ கலெக்‌ஷன்' புதுவரவு. நூலகத்தில் உள்ளது நூல் இருப்பு. கணினியில் 'கார்பேஜ் கலெக்‌ஷன்' என்றால் நிரலுக்கு இனித் தேவைப்படாத நினைவகப் பகுதியைத் தானாக விடுவிப்பது. அதைக் 'குப்பை சேகரிப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். சேகரித்து வைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. 'நினைவக மீட்பு' என்றால் மாணவருக்கு உடனே விளங்கும்.