கான்டஸாவுக்கு எந்த கியர்பாக்ஸ்?

புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தில் ஒருவர் பழைய கான்டஸா காரை வாங்கி இன்ஜின் மாற்றப் போகிறேன் என்றால், நான் முதலில் கேட்பது கியர்பாக்ஸைப் பற்றித்தான். குதிரைத்திறனைப் பற்றி எல்லோரும் ஆசையாகப் பேசுகிறார்கள். அதைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் பெட்டி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. புதுக்கோட்டைச் சீமையிலும் செட்டிநாட்டிலும் கார் என்றால் அம்பாசடர். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் ராடு, நாலு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நிற்குமுன் ஃபர்ஸ்ட் போட்டால் பல் கறகறக்கும். 1984இல் வந்த கான்டஸா, இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரைத் தழுவியது. அகன்ற முகமும் நீண்ட பானட்டும் அமெரிக்க மஸில் காரை நினைவூட்டின. உள்ளே இருந்ததோ அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின்தான். சுமார் 50 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் சத்தம் போட்டால் பேரிங்கும் சிங்க்ரோ ரிங்கும் மாற்றி அதே பெட்டியைத் திரும்ப ஏற்றுவார்கள். எதைப் போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. உதிரி எங்கே கிடைக்கும் என்பதே கவலை.

பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடு ஐந்து கியர் பெட்டி வந்தது. 88 குதிரைத்திறன், ஏறத்தாழ 135 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நல்ல பெட்டி அது. இன்ஜினை மாற்றாதவர்கள் இன்றும் அதையே தேடிப் பிடித்துப் பழுதுபார்ப்பது நல்லது என்பேன்.

கான்டஸா 2002இலும் அம்பாசடர் 2014இலும் நின்றுபோயின. இன்று வரும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றின் கியர்பாக்ஸ் கான்டஸாவுக்கு உதவாது. பின்சக்கரத்தைச் சுழற்றும் பெட்டி வேண்டுமானால் பொலேரோ, டாடா சுமோ, குவாலிஸ், இன்னோவா, இசுஸு இன்ஜினோடு வந்த டவேரா என்றுதான் தேட வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளே இதற்கு வழி.

அங்கே போய் கியர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தாங்கும் திறன். இன்னோவாவின் பழைய 2.5 லிட்டர் டீசல் 200 நியூட்டன் மீட்டர் தரும். அதன் பெட்டி அந்த விசைக்கென்றே கட்டப்பட்டது. டர்போ இன்ஜினை ஏற்றிவிட்டு 135 நியூட்டன் மீட்டருக்குச் செய்த இசுஸு பெட்டியை மாட்டினால் மூன்றாம் கியரின் பல் எத்தனை நாள் தாங்கும்? அடுத்து விகிதம். சுமை இழுக்கும் ஜீப் வகை வண்டிகளில் முதல் கியர் மிகத் தாழ்ந்தது. காரில் அது கிளம்பிய உடனே தீர்ந்துவிடும். அரிமளத்திலிருந்து திருமயம் போய்த் திருச்சி–காரைக்குடி சாலையைப் பிடிப்பவருக்கு ஐந்தாம் கியர்தான் முக்கியம். நான்காம் கியரில் 3000 சுற்றில் ஓடும் இன்ஜின், 0.85 விகிதமுள்ள ஐந்தாம் கியரில் அதே வேகத்துக்கு 2550 சுற்றே சுற்றும். ஆனால் பின்னால் இருக்கும் கிரவுன் பினியன் விகிதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் இது முழுக் கணக்கு.

மூன்றாவது, பொருத்தம். இதில்தான் அதிகப் பணம் கரைகிறது. இன்ஜினின் போல்ட் ஓட்டைகளும் பெல் ஹவுசிங்கும் ஒத்துப்போகாவிட்டால் லேத்தில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் மையம் தவறினால் இன்புட் பேரிங் சீக்கிரம் போய்விடும். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கை கிளட்ச் பிளேட்டோடு சேர வேண்டும். அதன் முனை கிராங்க் ஷாஃப்டின் பைலட் பேரிங்கில் உட்கார வேண்டும். கியர் ராடு சீட்டுக்கடியில் வந்து நிற்கும் பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அதற்காகத் தரைத்தகட்டை வெட்டுவது வண்டியின் முதுகெலும்பை வெட்டுவதுதான்.

அன்று பட்டறையில் யாரும் பேசாத சட்டமும் இன்று குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இன்ஜின் எண் சான்றில் இருக்கிறது. ஆகவே வேறு இன்ஜினுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே கியர்பாக்ஸுக்கு முன்பணம் கொடுங்கள்.

பெட்டி ஏறிவிட்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் புது நீளத்துக்கு வெட்டி, பாலன்ஸ் பார்த்தே மாட்டச் சொல்லுங்கள். ஆயிலிலும் கவனம் வேண்டும்: பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள பெட்டிக்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 தரமே ஏற்றது, கிரவுனுக்கு ஊற்றும் ஜிஎல்-5ஐ அதிலும் ஊற்றிவிட வேண்டாம்.